முதல்ல பின், பிறகு முன்: டிஃப் லொக்கின் சேற்று வரலாறு

1990களில் வந்த ரொயோட்டா லான்ட் க்ரூசர் 80 சிலதில டாஷ்போர்டில ஒரு சின்ன வட்டத் திருகி இருக்கும். ஒருக்கா திருப்பினா பின் அச்சு பூட்டுப்படும். இன்னொருக்கா திருப்பினா முன் அச்சும் சேர்ந்து பூட்டுப்படும். முன் அச்சை மட்டும் தனியப் பூட்டுறதுக்கு அதில வழியே இல்லை. 2003 இல் அமெரிக்காவில வந்த ஜீப் றாங்லர் ரூபிகனிலயும் அதே ஒழுங்குதான்: முதல்ல பின், பிறகு முன். மெர்சிடிஸ் ஜி-வாகனில மூன்று பொத்தான்களுக்கு இலக்கம் போட்டிருக்கு: 1 நடு, 2 பின், 3 முன். மூன்று நாட்டுக் கொம்பனிகள். எல்லாத்திலயும் ஒண்டோட ஒண்டு போட்டி போடுறவை, இந்த வரிசையில மட்டும் ஒத்துப்போறாங்கள்.

காட்டுப் பாதைக்கு வாகனம் தயார்ப்படுத்திற ஆக்கள் கூடுற இடத்தில எல்லாம் வாற கேள்வி, லொக்கரை முன்னுக்குப் போடுறதா பின்னுக்குப் போடுறதா, எந்த வகை போடுறது எண்டதுதான். பதில் சொல்லுறவை பெரும்பாலும் தாங்கள் வாங்கினதைத்தான் சொல்லுவினம். ஆனா இந்தக் கேள்விக்கு நூறு வருசத்துக்கு மேற்பட்ட வரலாறு ஒண்டு இருக்கு. அந்தத் திருகியின்ர வரிசை அந்த வரலாற்றில இருந்து வந்ததுதான். கலைப்பீடத்தில படிக்கிற ஆளுக்கு பற்சக்கரத்தில என்ன வேலை எண்டு கேக்காதேங்கோ. அரசர்களின்ர ஆண்டுகளைப் பாடமாக்கிறதைவிட இது எனக்குச் சுவையாத்தான் இருக்கு.

முதல்ல, பூட்டப்படுற பொருள் என்ன எண்டு பாக்கோணும். ஒரு வாகனம் வளையும்போது வெளிப்பக்கச் சில்லு உள்பக்கச் சில்லைவிடக் கூடத் தூரம் ஓடவேணும். ரெண்டு சில்லுக்கும் இடையில 1.5 மீற்றர் இருந்தா, ஒரு முழு வட்டம் சுத்தி முடிக்கேக்குள்ள வெளிச்சில்லு ஏறக்குறைய 9.4 மீற்றர் கூட ஓடியிருக்கும். வட்டம் சின்னனோ பெரிசோ, இந்த வித்தியாசம் மாறாது. மாட்டுவண்டிக்கு இதில ஒரு பிரச்சினையும் இல்லை. அதின்ர சில்லுகள் அச்சில தனித்தனியச் சுத்தும், இழுக்கிறது மாடு. சில்லையே உள்ளுக்கிருந்து சுத்தவைச்சு வண்டியை ஓட்ட வெளிக்கிட்டபோதுதான் சிக்கல் வந்தது. ரெண்டு சில்லையும் ஒரே கம்பியில இறுக்கிச் சுத்தினா வளையும்போது ஒண்டு இழுபடும், இல்லாட்டி வழுக்கும்.

பிரான்சில ஒனேசிஃபோர் பெக்கர் எண்ட மெக்கானிக் 1820களின்ர கடைசியில நீராவி வண்டி ஒண்டுக்காக இதுக்கு ஒரு பற்சக்கரத் தீர்வைக் கண்டுபிடிச்சார். அதுதான் டிபரன்ஷல். ஆனா எனக்குப் பிடிச்ச கதை இங்கிலாந்தின்ர கொவென்ட்ரி நகரத்துக் கதை. தையல் மெசின் செய்து பிறகு சைக்கிளுக்கு வந்த ஜேம்ஸ் ஸ்டார்லி, தன்ர மகன் வில்லியத்தோட பக்கத்தில பக்கத்தில இருந்து மிதிக்கிற ஒரு வண்டியில போனாராம். ஆளுக்கொரு பக்கச் சில்லு. மகனுக்கு வயசு, கால்ல பலம். அப்பாவால ஈடு குடுக்க ஏலாம வண்டி ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு போய் பள்ளத்தில விழுந்ததாம். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது, ஆனா 1877 இல் அவர் தன்ர மிதிவண்டிக்கு டிபரன்ஷல் போட்டது உண்மை. 1881 இல் விக்டோரியா மகாராணியே அவரின்ர மூன்று சில்லு வண்டி வாங்கினா.

அந்தக் கதையிலயே டிபரன்ஷலின்ர குணம் முழுக்க இருக்கு. அது ரெண்டு பக்கத்துக்கும் சமமாக் குடுக்கும். பலர் சொல்லுற மாதிரி "வழுக்கிற சில்லுக்கே எல்லா விசையும் போகுது" எண்டில்லை. ரெண்டுக்கும் எப்பவும் ஒரேயளவு முறுக்கு விசைதான். பிரச்சினையே அந்தச் சமத்துவத்திலதான். ஒரு சில்லு சேத்துக்க நிக்குது, மற்றது கல்லில நிக்குது எண்டு வையுங்கோ. சேத்தில நிக்கிற சில்லு கொஞ்ச விசைக்கே வழுக்கத் தொடங்கும். அதுக்கு மேல அதுக்கு விசை குடுக்கவே ஏலாது, ஏனெண்டா அதைத் தடுத்துப் பிடிக்க கீழ ஒண்டுமில்லை. அப்ப கல்லில நிக்கிற சில்லுக்கும் அந்தக் கொஞ்சம்தான் கிடைக்கும். எஞ்சின் உறுமும், ஒரு சில்லு சுத்தோ சுத்தெண்டு சுத்தும், வண்டி அசையாது. நாலு சில்லு இழுவை இருந்தாலும் இதுதான் கதி. முன்னுக்கு ஒண்டும் பின்னுக்கு ஒண்டும் குறுக்குமறுக்கா அந்தரத்தில தூக்குப்பட்டா, நாலு சில்லு வாகனம் அந்த இடத்திலயே நிண்டுடும்.

தார் றோட்டில வரம், சேத்தில சாபம். அதால டிபரன்ஷலைத் தேவைப்படேக்குள்ள இல்லாமச் செய்யிறதுக்கு ஆக்கள் வழி தேடினாங்கள். இதைச் செய்தவை பந்தயக்காரரோ பணக்காரரோ எண்டு நினைச்சா பிழை. தொடக்கத்தில இது பட்டாளத்தின்ரயும் வயலின்ரயும் தேவை.

அமெரிக்காவில விஸ்கொன்சின் மாநிலத்து கெனோஷாவில 1913 இல் ஜெஃப்ரி குவாட் எண்ட லொறி வந்தது. நாலு சில்லும் இழுக்கும், நாலு சில்லும் திரும்பும். அதில முன்னுக்கும் பின்னுக்கும் இருந்தது தானாப் பூட்டிக்கொள்ளுற வகை டிபரன்ஷல். 1916 இல் ஜெனரல் பெர்ஷிங் பன்சோ வில்லாவைத் தேடி மெக்சிக்கோவுக்குள்ள போனபோது இந்த லொறிகளும் போச்சு. பிறகு முதலாம் உலகப்போரில பிரான்சின்ர சேத்துக்க ஓடிச்சு. முன்னும் பின்னும் லொக்கர் எண்டது இண்டைக்கு பெரிய விலை போட்டு விக்கிற புதுச் சாமான் மாதிரிக் காட்டப்படுது. நூறு வருசத்துக்கு முந்தியே அது சாமான் ஏத்தின லொறியில இருந்திருக்கு.

ஆச்சரியம் என்னெண்டா, அடுத்த போரில எல்லாரும் ஞாபகம் வைச்சிருக்கிற வாகனத்தில அது இல்லை. 1941 இல் இருந்து வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து ஆறு இலட்சத்துக்கு மேல ஜீப் செய்தினம். முன்னுக்கும் பின்னுக்கும் சாதாரண திறந்த டிபரன்ஷல்தான். ஜீப் பாரம் குறைஞ்சது. மாட்டுப்பட்டா நாலு பேர் இறங்கித் தள்ளலாம், தூக்கவும் செய்யலாம். கெதியாச் செய்யவேணும், மலிவாச் செய்யவேணும், உதிரிப்பாகம் ஒரே மாதிரி இருக்கவேணும். பட்டாளத்தில தள்ளுறதுக்கு ஆளுக்கா பஞ்சம்? 1944 இல் மவுண்ட்பேட்டனின்ர தென்கிழக்காசியக் கட்டளைப்பீடம் கண்டிக்கும் பேராதனைக்கும் வந்தபோது இங்கயும் ஜீப் வந்தது. போர் முடிஞ்ச பிறகு உலகம் முழுக்க மலிஞ்சு கிடந்தது இந்த ஜீப்தான். சண்டையில நாலு பேர் தள்ளின வாகனத்தை சமாதானத்தில ஒரு ஆள் தனிய ஓட்டிக்கொண்டு காட்டுக்குள்ள போக வெளிக்கிட்ட பிறகுதான் லொக்கருக்கு ஒரு சந்தை வந்தது எண்டு நான் நினைக்கிறன்.

அந்தச் சந்தைக்கு முதல்ல கிடைச்சதும் பட்டாளத்துச் சாமான்தான். தோர்ன்ரன் நோ-ஸ்பின் எண்ட பேரில 1941 இல் வந்தது, பிறகு டெட்ரொயிட் லொக்கர் எண்டு பேரெடுத்தது. இது தானியங்கி. நேரா ஓடேக்குள்ள ரெண்டு சில்லும் ஒண்டாப் பூட்டுப்பட்டிருக்கும். வளையேக்குள்ள வெளிச்சில்லு வேகமா ஓடினா அதின்ர பக்கத்துப் பற்கள் விலகி அதை விடும். ஓட்டுநர் ஒண்டும் செய்யத் தேவையில்லை. நல்லதுதானே? ஆனா முடிவெடுக்கிறது மெசின், ஓட்டுநர் இல்லை. வளைவு நடுவில அக்சிலரேற்றரில காலை எடுத்தா 'டக்' எண்டு ஒரு சத்தம், வண்டி லேசா ஒரு பக்கம் போகும். நீளமான லொறியில அது பெரிசாத் தெரியாது. கட்டையான ஜீப்பில, மழை றோட்டில, நல்லாத் தெரியும்.

அதே காலத்தில ஜேர்மனியில வேற ஒரு வழி திறந்தது. போரில தோத்த நாடு, பட்டினி, வயலுக்கு மெசின் தேவை. அல்பேர்ட் ஃபிரெட்ரிக் எண்ட பொறியியலாளர் வரைஞ்ச யுனிமொக் 1948 இல் விற்பனைக்கு வந்தது. அதின்ர சில்லுகளுக்கு இடையிலான அகலம் 1270 மில்லிமீற்றர். ஏன் அந்த இலக்கம்? உருளைக்கிழங்குப் பாத்தி ரெண்டு வரிசைக்கு அது சரி! அதில முன்னுக்கும் பின்னுக்கும் டிஃப் லொக். தானா ஒண்டும் நடக்காது, ஓட்டுறவர் தேவைப்படேக்குள்ள பூட்டுவார், தேவை முடிய விடுவார். 1959 இல் ஒஸ்திரியாவில வந்த ஹஃப்ளிங்கர், 1979 இல் அதே நாட்டு கிராஸ் நகரத்தில செய்யப்பட்ட ஜி-வாகன் எல்லாம் இந்தப் பரம்பரைதான். பூட்டுறதா விடுறதா எண்டதை மனுசன் தீர்மானிக்கிற பரம்பரை.

இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்த ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. நாலு சில்லு உழவு இயந்திரம் ஓட்டின ஆரையும் கேளுங்கோ. மெஸி ஃபேகுசன் 135 மாதிரியானதுகளில காலடியில ஒரு சின்ன மிதி இருக்கும். வயலுக்க ஒரு சில்லு புதையத் தொடங்கினா அதை மிதிச்சுப் பிடிப்பினம். ரெண்டு சில்லும் ஒண்டாச் சுத்தும், மெசின் வெளிய வரும். வரம்புக்குக் கிட்ட வந்து திருப்ப முதல் காலை எடுத்துடுவினம். எடுக்காட்டி மெசின் திரும்பாது, நேராத்தான் போகும். இன்னொரு வித்தையும் இருக்கு. உழவு இயந்திரத்தில இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனி பிரேக். வழுக்கிற பக்கத்து பிரேக்கை மட்டும் மெல்ல மிதிச்சா மற்றப் பக்கத்துக்கு விசை போகும். இந்த வித்தையை ஞாபகத்தில வைச்சிருங்கோ, பிறகு ஒரு கணினி இதைத் தன்ர கண்டுபிடிப்பு மாதிரிச் செய்யப்போகுது.

பந்தயக் கார்ப் பக்கத்தில நடந்ததைச் சுருக்கமாச் சொல்லுறன். 1930களில ஃபெர்டினண்ட் போர்ஷ செய்த ஓட்டோ யூனியன் பந்தயக் காருக்காக ஜேர்மன் கொம்பனி ZF எனப்படும் இசற்-எஃப், வழுக்கலைக் கட்டுப்படுத்திற டிபரன்ஷல் ஒண்டு செய்தது. 1958 இல் அமெரிக்காவில வேர்னன் கிளீஸ்மன் பற்சக்கரங்களின்ர உராய்வாலயே வேலை செய்யிற ஒண்டுக்குக் காப்புரிமை எடுத்தார், அது டோர்சன் எண்டு பேர் பெற்றது. ஹம்வியில முன்னும் பின்னும் அதுதான். ஆனா ஒரு சில்லு முழுசா அந்தரத்தில நிண்டா டோர்சனும் கையை விரிக்கும். அதால ஹம்வி ஓட்டுறவைக்கு அக்சிலரேற்றரை மிதிச்சபடி பிரேக்கையும் மெல்ல மிதிக்கச் சொல்லிப் பழக்குவினம். இவை எல்லாம் பாதி வழி. முழுப் பூட்டு வேணுமெண்டவைக்கு இது காணாது.

1980கள் வரைக்கும் சாதாரண ஆள் ஒருத்தருக்கு வழி ரெண்டுதான்: தானியங்கி லொக்கர், இல்லாட்டி உள்ளுக்க இருக்கிற சின்னப் பற்சக்கரங்களை வெல்டிங் பண்ணி நிரந்தரமா ஒட்டிவிடுறது. அமெரிக்கர் இந்த ரெண்டாவதுக்கு 'லிங்கன் லொக்கர்' எண்டு பகிடியாப் பேர் வைச்சினம், லிங்கன் எண்டது வெல்டிங் மெசின் செய்யிற கொம்பனி. இதை மாத்தினது அவுஸ்திரேலியா. அங்க ரொபர்ட்ஸ் டிஃப் லொக் எண்ட பேரில, அமுக்கின காத்தால பூட்டுற ஒண்டு வந்தது. மெல்பேர்னில இருக்கிற ஏஆர்பி கொம்பனி 1980களின்ர பிற்பகுதியில அதை வாங்கி 'எயார் லொக்கர்' எண்டு உலகம் முழுக்க வித்தது. சின்னக் கொம்பிரசர் ஒண்டு, மெல்லிய குழாய் ஒண்டு, டாஷ்போர்டில பொத்தான் ஒண்டு. அமத்தாத வரைக்கும் அது சாதாரண டிபரன்ஷல், அமத்தினா முழுப் பூட்டு. யுனிமொக் உழவருக்குக் கிடைச்ச அதே அதிகாரம் இப்ப சாதாரண ஹைலக்ஸ் வைச்சிருக்கிறவருக்கும் கிடைச்சது. ரொயோட்டா தன்ர பங்குக்கு சின்ன மின்மோட்டரால பூட்டுற முறையைத் தொழிற்சாலையிலயே போட்டது. தொடக்கத்தில சொன்ன திருகி அதுதான்.

இப்ப வரிசைக்கு வருவம். ஏன் முதல்ல பின்?

ஏத்தத்தில வண்டியின்ர பாரம் பின்னுக்குப் போகும். மாட்டுப்படுறது பெரும்பாலும் ஏத்தத்திலதான். பாரம் இருக்கிற இடத்திலதான் பிடி இருக்கும், பிடி இருக்கிற அச்சைப் பூட்டினாத்தான் பலன். பின் அச்சின்ர உள்கம்பி நேரா இருக்கிற இரும்புத் தண்டு. முன்னுக்கு அப்பிடி இல்லை, சில்லு திரும்பவேண்டியதால கம்பிக்கு நடுவில மூட்டு ஒண்டு இருக்கு. பூட்டுப்போட்டா அச்சுக்கு வாற முழு விசையும் ஒரே பக்கத்தால போகலாம். ஸ்டியரிங்கை முழுசாத் திருப்பி வைச்சுக்கொண்டு, முன்பூட்டையும் போட்டுக்கொண்டு அக்சிலரேற்றரை மிதிச்சா அந்த மூட்டு உடைய நல்ல சந்தர்ப்பம். பழைய லான்ட் ரோவர் வைச்சிருக்கிறவைக்கு பின் உள்கம்பியே முறியிற கதை தெரியும், அதால அதுகளுக்கு லொக்கரோட சேர்த்து பலமான கம்பியும் போடச் சொல்லுவினம்.

எல்லாத்தையும் விடப் பெரிய காரணம் திருப்பம். முன் அச்சைப் பூட்டினா ரெண்டு முன்சில்லும் ஒரே வேகத்தில ஓடப் பாக்கும், வண்டி நேராப் போகத்தான் விரும்பும். ஸ்டியரிங் கனக்கும், பிறகு நீங்க திருப்பினாலும் அது கேக்காது. டிபரன்ஷல் கண்டுபிடிச்சதே வளையிறதுக்கு. முன்னுக்குப் பூட்டுறது எண்டா அந்தக் கண்டுபிடிப்பை அது மிகவும் தேவைப்படுற இடத்திலயே ரத்துச் செய்யிறது. அதாலதான் அந்தத் திருகியில முன் கடைசி.

அதுக்காகப் பின்பூட்டு பிழையே செய்யாது எண்டு நினைக்காதேங்கோ. பக்கச் சரிவான பாதையில, ஈரமான களிமண்ணில, பின் ரெண்டும் ஒண்டா வழுக்கத் தொடங்கினா வண்டியின்ர வால் கீழ்ப்பக்கமா இறங்கும். பூட்டாம விட்டிருந்தா ஒரு சில்லு சும்மா சுத்தும், மற்றது நிலத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கும். அப்பிடியான இடத்தில பூட்டைக் கழட்டிறதுதான் புத்தி. கல்லுப் படியில ஏறேக்குள்ள முன்பூட்டு செய்யிற வேலையைப் பின்பூட்டால செய்ய ஏலாது எண்டதும் உண்மை, முன்சில்லு தன்னைத்தானே இழுத்து ஏத்தவேணும். முன்னுக்குத் தனித்தனி சஸ்பென்சன் இருக்கிற புது வாகனங்களில முன்சில்லு கெதியா அந்தரத்தில தூக்குப்படும். அதுகளில பின்னுக்கு ஏற்கெனவே கொம்பனிப் பூட்டு இருந்தா, அடுத்த காசை முன்னுக்குச் செலவழிக்கிறதில நியாயம் இருக்கு.

1990களில இந்த வாதமே முடிஞ்சுபோச்சு எண்டு நினைச்சவை இருந்தினம். ஒவ்வொரு சில்லின்ர வேகத்தையும் கணினி பாக்கும், வழுக்கிற சில்லுக்கு மட்டும் பிரேக் போடும், விசை மற்றப் பக்கம் போகும். உழவு இயந்திரக்காரரின்ர அதே வித்தை! லான்ட் ரோவர் இதில நம்பிக்கை வைச்சு, 1998 இல் வந்த ரெண்டாவது தலைமுறை டிஸ்கவரியில நடு டிபரன்ஷலைப் பூட்டுற நெம்பையே இல்லாமச் செய்தது. கணினி பாத்துக்கொள்ளும் எண்டு. வைச்சிருந்தவை திருப்திப்படேல்லை. சில வருசத்தில அந்த நெம்பு திரும்பி வந்தது. பிரேக்கால செய்யிற வேலைக்கு முதல்ல ஒரு சில்லு வழுக்கவேணும், பிறகுதான் கணினிக்குத் தெரியும். சேத்தில முதல் வழுக்கலே குழி தோண்டிப்போடும். பூட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, குழி வர முதலே போட்டுக்கொண்டு மெல்ல ஊரலாம். பாதையும் குறைவாத்தான் பழுதாகும். காட்டுப் பாதையை வாகனக்காரர் கிண்டிக் கெடுக்கினம் எண்டு சொல்லுறவை (அதில பாதி உண்மைதான்) சுத்துற சில்லைத்தான் பாக்கவேணும், பூட்டின சில்லை இல்லை.

2021 இல் வந்த லான்ட் க்ரூசர் 300 இன்ர ஜிஆர் ஸ்போர்ட் வகையில, கணினி எல்லாம் நிறைஞ்ச வாகனமா இருந்தும், முன்னுக்கும் பின்னுக்கும் பூட்டுக் குடுத்திருக்கினம். இங்க அது வாற காலத்தில இறக்குமதியே தடை, 2020 இல் இருந்து 2025 வரைக்கும். அதால எங்கட நாட்டில லொக்கர் பற்றி யோசிக்கிறவை யோசிக்கிறது பழைய டிஃபென்டருக்கும் பழைய ஹைலக்ஸுக்கும்தான்.

அவைக்கு இந்த வரலாற்றில இருந்து நான் எடுத்துச் சொல்லக்கூடியது இவ்வளவு. நாளாந்தம் றோட்டில ஓடுற வாகனமெண்டா பின்னுக்கு, பொத்தானில வேலை செய்யிறது, காத்தோ மின்சாரமோ. காத்தெண்டா குழாய் உரசி ஓட்டை விழாத வழியால கொண்டுபோகவேணும். தானியங்கி வகை மலிவு, கராஜில கெதியாப் பூட்டலாம், ஆனா அதை மழை றோட்டில ஓடுற கட்டை வாகனத்தின்ர பின்னுக்குப் போட நான் சொல்லமாட்டன். முன் சில்லுக் குடத்தைக் கையால திருப்பி இழுவையில இருந்து கழட்டக்கூடிய வாகனமெண்டா தானியங்கியை முன்னுக்குப் போடலாம். குடத்தைக் கழட்டி வைச்சா றோட்டில அது இருக்கிறதே தெரியாது. வாங்க முதல் உள்கம்பியின்ர பல் எண்ணிக்கையையும் டிபரன்ஷலின்ர பல் விகிதத்தையும் ஒருக்கா எண்ணிப் பாருங்கோ, ஒரே பேர் போட்ட வாகனத்துக்குள்ளயே வருசத்துக்கு வருசம் அது மாறும். கை மாறி மாறி வந்த வாகனத்தில அச்சே வேற எதிலயும் இருந்து வந்ததா இருக்கலாம். பின்னுக்கு ஒண்டு போட்டு ஒரு மாரி முழுக்க ஓடுங்கோ. எந்த இடத்தில திரும்பவும் மாட்டுப்படுறீங்கள் எண்டு பாத்திட்டு, அது கல்லுப் படியெண்டா முன்னுக்கும் போடுறதைப் பற்றிக் கதைப்பம். வெறும் சேறெண்டா அந்தக் காசுக்கு நல்ல ரயர் நாலு வரும்.